ஆட்டுமலை ஏணி என்னுடையது

ஐந்தாம் வகுப்பைக்கூட முழுசாக முடிக்காதவன் நான். அப்படிப்பட்ட நான்தான் ஒரகடத்துக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில், பாம்பும் கருவேல முள்ளும் மட்டுமே குடியிருந்த மேட்டில் பழைய இரும்பு யார்டு போட்டேன். பேங்க்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபாரத்தைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் இல்லாமலே போட்டேன். இங்கே தண்ணீர் வராது என்று எல்லோரும் சொன்ன இடத்தில் போர் இறக்கினேன். இன்றைக்கும் அந்தத் தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. யார்டுக்குப் பின்னால் வரிசை வீடு கட்டினேன். கொத்தனார் பாதியில் ஓடிவிட்டான். மீதிச் சுவரை நானே எழுப்பினேன். கொஞ்சம் கோணல்தான். நிற்கிறதா இல்லையா? லாரியோடு எடை போட மேடை கட்டினேன். என் பெண்களை, பெயர்கூட என் வாயில் நுழையாத படிப்பெல்லாம் படிக்க வைத்தேன்.

இதெல்லாம் நான் செய்தது என்று ஊரே ஒப்புக்கொள்ளும். என்னைப் பிடிக்காதவன்கூட ஒப்புக்கொள்வான். நான் செய்தும் என் பெயர் இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அது ஆட்டுமலையின் வழுக்குப்பாறையில் நிற்கிற இரும்பு ஏணி. அதன் பக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். யாருமே அறியாத அந்த மலை வழியை ஒரு கம்பெனியின் மலையேற்றக் குழு கண்டுபிடித்து, ஏணியும் அமைத்ததாக அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகையை நினைத்தால் எனக்கு வாயில் போட்ட சோறு தொண்டைக்குள் இறங்குவதில்லை. அதனால்தான் நான் சொல்லச் சொல்ல என் பெண்ணை எழுத வைக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கியதும் என் வரிசை வீடுகள் தெற்கத்திப் பிள்ளைகளால் நிரம்பின. ஷிப்ட் முடிந்து வந்து ஒருவன் படுக்கிற பாயிலிருந்து இன்னொருவன் எழுந்து ஷிப்டுக்குப் போவான். அவர்களில் தென்காசிப் பக்கத்து ஆள் ஒருவன் இருந்தான். கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் லைனில் ஆபரேட்டர். வயது முப்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை, வேலையும் நிரந்தரம் ஆகவில்லை. ஆனால் வாய்க்கு ஓய்வே கிடையாது. லீவு கிடைத்தால் மலை ஏறவேண்டும் அவனுக்கு. "மலையே இல்லாத ஊர்ல எப்படி அண்ணாச்சி மூச்சு விடுதிய?" என்று என்னையே கேட்பான்.

அவன் பேச்சைக் கேட்டுத்தான், பௌர்ணமியை ஒட்டி வந்த ஒரு லீவு நாளில் யார்டு வேனில் இந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, எல்லோரும் போகிற அந்தப் பெரிய மலைக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அடிக்க வருவார்கள்.

நாற்றம் எனக்குப் புதிதில்லை. கடைசல் மெஷினிலிருந்து வரும் இரும்புச் சுருளில் ஊறிக் கிடக்கும் எண்ணெய், வெயிலில் நாலு நாள் கிடந்தால் செத்த எலி மாதிரி வீசும். அதைக் கையால் அள்ளி லாரியில் போட்டவன் நான். ஆனால் அது வேலையின் நாற்றம். சோப்புப் போட்டால் போய்விடும். அந்த மலையில் நான் மிதித்தது வேறு. சாமி மலை என்று செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறச் சொன்னார்கள். முதல் வளைவிலேயே காலடியில் நசுக்கென்றது. குனிந்து பார்க்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை அடக்கினால் மூக்கு சும்மா இருக்குமா? படிக்கட்டின் இரண்டு பக்கமும் புதர் மறைவில் மனிதன் செய்யக்கூடியதை எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். மறைவு தீர்ந்துபோன இடத்தில் படி ஓரத்திலேயே. பல்லால் கடித்து உறிஞ்சிவிட்டு எறிந்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள் சருகு மாதிரி மூடிக் கிடந்தன. எனக்கு மேல் படியில் நின்றவன் தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே கை கழுவினான். அந்தத் தண்ணீர் என் தோளில் வடிந்தது. அவனுக்கும் மேலே நின்ற ஒருவன் வெற்றிலைச் சாறை, எங்கே விழும் என்று பார்க்காமல் துப்பினான். அது என் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"யோவ், கண்ணு இன்னா முதுகுலயா கீது?" என்றேன்.

"கூட்டம்னா அப்படித்தான் பெரிசு. சுத்தம் வேணும்னா வூட்லயே கும்பிடறதுதானே?" என்றான்.

ஓரிடத்தில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். மேலே போகவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. என் முதுகை ஒருவனுடைய வயிறு அழுத்தியது. என் வயிறு இன்னொருவனுடைய முதுகை அழுத்தியது. யாரோ வாந்தி எடுத்தார்கள். நகர இடமில்லாததால் அதிலேயே நின்றோம். உச்சியை நான் பார்க்கவே இல்லை. கூட்டம் எப்படியோ திரும்பியபோது கூடவே திரும்பி இறங்கிவிட்டோம்.

அடிவாரத்துக் குழாயடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தென்காசிக்காரன் பக்கத்தில் நின்று பார்த்தான்.

"அண்ணாச்சி, கால் தேஞ்சிரும்."

"தேயட்டும். இந்தத் தோலே வேணாம்பா எனக்கு."

"சாமி கும்பிட வந்தமா, கக்கூசுக்குள்ள ஊர்வலம் வந்தமான்னே தெரியல."

"இனிமே யாரும் போவாத மலையா பாரு. இல்லாட்டி என் வண்டில ஏறாத."

வீட்டில் என் மனைவி அந்த வேட்டியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இன்னாய்யா, மலைக்குப் போனியா, மீன் மார்க்கெட்ல உருண்டியா?" என்றாள். அதை அவள் துவைக்கவில்லை. குச்சியால் தள்ளிக்கொண்டு போய் எரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மலை தேடுவது எனக்கு ஒரு பிடிவாதமாகிவிட்டது. முதலில் எங்கள் பக்கத்திலேயே பார்த்தோம். ஒரு கரட்டுக்குப் போனால் பாதிக் கரட்டைக் காணோம். ஜல்லி மெஷின் தின்றுவிட்டிருந்தது. மீதிப் பாதியில் ஏறி உட்கார்ந்தோம். மூக்கெல்லாம் வெள்ளைப் புழுதி. இன்னொரு குன்றில் டவர் வைத்திருந்தார்கள். காவல்காரன் எங்களைக் கேபிள் திருடர்கள் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டான். தென்காசிக்காரன் இறங்கிய வேகத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கே கால் இடறியது.

ஆட்டுமலையைக் கண்டுபிடித்தது நான். அதுவும் மலை தேடிப் போனபோது அல்ல. ஆடி மாதம் கோவிலுக்கு ஆடு வாங்க வந்தவாசிக்கும் அந்தப் பக்கம் ஒரு சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு அம்மா நாலு கிடா வைத்துக்கொண்டு நின்றாள். மற்ற ஆடுகளெல்லாம் எலும்பும் தோலுமாக இருக்க, அவளுடைய கிடாக்கள் மினுமினுவென்று இருந்தன.

"எங்கம்மா மேய்க்கிற?" என்று கேட்டேன்.

"மலைல. இதோ நிக்குதே, கண்ணு தெரியலியா? ஆட்டுமலை."

"மேல இன்னா கீது?"

"சுனை கீது. காத்து கீது. வேற இன்னா ஓணும் உனக்கு?"

"கோயிலு?"

"இல்ல."

"கடை?"

"நானே வூட்லேந்து மோர் எடுத்துகினு போறேன். இவுருக்குக் கடை கேக்குதாம்."

கோயிலும் இல்லை, கடையும் இல்லை என்றால் கூட்டமும் இருக்காது. ஆட்டுக்கு விலை பேசுவதற்கு முன்பே மலையை முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த லீவுக்கே தென்காசிக்காரனையும் இன்னும் இரண்டு மூன்று குடித்தனக்காரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒற்றையடித் தடம். ஆட்டுப் புழுக்கையைத் தவிர வேறு அசிங்கம் கிடையாது. அதுவும் காய்ந்து உருண்டு, பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. நாலு அடிக்கு ஒரு தரம் காட்டுத் துளசி காலில் உரசி வாசம் கொடுத்தது. என் வயதில் மூச்சு வாங்கும் என்று நினைத்தார்கள். முன்னால் போனது நான்தான். முக்கால் மலை ஏறினதும் வழுக்குப்பாறை வந்து நின்றது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே, மழித்த தலை மாதிரி வழவழவென்று. அதற்கு அந்தப் பக்கம்தான் சுனையும் உச்சியும். ஆடுகள் பக்கவாட்டில் விரல் அகலத் திட்டில் சுற்றிப் போய்விடும். அதில் குளம்பு நிற்கும், மனிதக் கால் நிற்காது.

தென்காசிக்காரன் எச்சிலைத் தொட்டுக் கையில் தேய்த்துக்கொண்டு ஏறிப் பார்த்தான். பாதியில் வழுக்கி, சட்டைப் பொத்தானெல்லாம் தெறிக்க வந்து சேர்ந்தான். ஆட்டுக்கார அம்மா கீழே பாறைமேல் உட்கார்ந்து மோர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ் பெரியவரே! ஆடே சுத்திகினுதான் போவுது. உன் தொப்பைய மேல தூக்க கிரேன் எடுத்தாரப் போறியா?"

"கிரேன் இல்லம்மா. ஏணி" என்றேன். அந்த வார்த்தையை அந்த மலையில் முதலில் சொன்னது நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏணிக்கு நான் எங்கும் அலையவில்லை. என் யார்டிலேயே கிடந்தது. கம்பெனியில் பெட்டிகளைத் தள்ளிவிடுவதற்கு ஒரு சாமான் இருக்கும், கன்வேயர் என்பார்கள். இரண்டு நீள இரும்புச் சட்டம், நடுவே வரிசையாக உருளைகள். பெட்டியை வைத்து ஒரு தள்ளு தள்ளினால் அது பாட்டுக்கு உருண்டு போகும். தென்காசிக்காரன் வேலை செய்த கம்பெனியில் லைனை மாற்றியபோது பழையதைக் கழித்துக் கட்டினார்கள். மற்ற ஸ்கிராப்போடு சேர்த்து எடை போட்டு நான் வாங்கியது. நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ஏணி மாதிரியே இருந்தது.

இதற்குள் அந்தக் கம்பெனியின் லைன் சூப்பர்வைசர் ஒருவன் வந்து ஒட்டிக்கொண்டான். மெட்ராஸ்காரன், படித்தவன், பேன்ட் மடிப்புக் கலையாதவன். கேன்டீனில் தென்காசிக்காரன் மலைக் கதை சொல்ல, இவனும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டான். கன்வேயரை இரண்டு துண்டாகக் கழற்றி, தோள்மாற்றித் தோள்மாற்றி அந்தத் தடத்தில் தூக்கிப் போனோம். என் தோளில் பதிந்த தழும்பை இன்றைக்கும் காட்டுவேன். சூப்பர்வைசரும் தூக்கினான். கேமராவை.

மேலே கொண்டுபோய்ப் பூட்டி, பாறைப் பிளவில் வேர்விட்டுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்த ஒரு இச்சி மரத்தில் கீழிருந்தே சங்கிலியை வீசி மாட்டித் தலைப்பைக் கட்டி, அடியைக் கல் இடுக்கில் இறுக்கி நிறுத்தினோம். "நான்தான் ஃபர்ஸ்ட் ஏறுவேன் தலைவரே. போட்டோ எடுங்க" என்று சூப்பர்வைசர் கேமராவை என்னிடம் நீட்டினான்.

முதல் உருளையில் கால் வைத்தான். அது உருண்டது. அவசரமாக அடுத்ததில் வைத்தான். அதுவும் உருண்டது. கை பிடித்த உருளையும் உருண்டது. கையும் காலும் மளமளவென்று ஏறிக்கொண்டே இருக்கின்றன, ஆள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறான்!

"ஏறுதாரு, ஏறுதாரு, எங்கயும் போகக் காணோமே!" என்று தென்காசிக்காரன் கத்தினான். "சார் ஓவர்டைம் பாக்காரு, யாரும் தொந்தரவு பண்ணாதீங்கல!"

ஆட்டுக்கார அம்மா சிரித்துச் சிரித்து மோர்ச் செம்பைக் கவிழ்த்துவிட்டாள்.

எங்கள் பக்கத்துக்காரர்கள் மட்டும்தான் செய்யக்கூடிய வேலை அது. கன்வேயர் மேல் காலை வைக்காதே என்று கம்பெனியில் தூணுக்குத் தூண் எழுதி வைத்திருப்பார்கள். வருஷக்கணக்காக அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அதையே ஏணி என்று மலைக்குத் தூக்கிப் போயிருக்கிறோம். வழி முழுக்க ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

"வெல்டிங் வெச்சாதான் உண்டு தலைவரே. மலைல கரண்டுக்கு எங்க போறது? விட்டுடலாம்" என்றான் சூப்பர்வைசர். அவன் அன்றைக்கே கைகழுவிவிட்டான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் விடவில்லை. அடுத்த லீவுக்குப் பழைய லாரி டியூப்களை வார் வாராகக் கிழித்து மூட்டையாகக் கட்டி எடுத்துப் போனேன். ஒவ்வொரு உருளையையும் பக்கச் சட்டத்தோடு சேர்த்து, பல்லைக் கடித்து இழுத்து இழுத்துச் சுற்றினேன். உருளுவது நின்றது. ரப்பர் என்பதால் ஈரக்காலுக்கும் பிடிப்புக் கிடைத்தது. வெல்டிங் வைத்திருந்தால்கூட அந்தப் பிடிப்பு வந்திருக்காது. அன்றைக்கு முதலில் ஏறி, சுனைத் தண்ணீரை முதலில் குடித்தவன் நான்.

இரண்டு மூன்று வருஷம் அந்த மலை சொர்க்கம் மாதிரி இருந்தது. கம்பெனிக்குக் கம்பெனி வார லீவு வேறு வேறு நாள் என்பதால், நான் கூட்டிப் போவது எப்போதும் ஒரு வேன் ஆள்தான். மேலே கொண்டுபோன பேப்பர், பாக்கெட், பாட்டில் எல்லாம் கீழே வந்தாக வேண்டும். சிமெண்டுச் சாக்கோடு அடிவாரத்தில் நான் நிற்பேன். வெறுங்கையோடு இறங்குகிறவனைத் திரும்ப மேலே அனுப்புவேன். பழைய இரும்புக்காரனிடம் குப்பைக் கணக்கில் ஏமாற்ற முடியுமா? என்னை ஹிட்லர் என்று பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சொன்னது தெரியும். சொல்லட்டும். சுனைக்குள் காசு போட்டால் அடியில் தெரியும், அப்படி இருந்தது தண்ணீர்.

சூப்பர்வைசர் பதவி உயர்ந்து ஆபீசர் ஆனான். கம்பெனியில் மலையேற்றக் குழு என்று ஒன்று ஆரம்பித்து அதற்குத் தலைவரும் ஆனான். ஏணியில் அவன் நிற்கிற படம் கம்பெனிப் பத்திரிகையில் வந்தது. நான் டியூப் சுற்றி முடித்த பிறகு, நானே எடுத்த படம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பஸ்ஸாக ஆள் வந்தது. கூட்டமில்லாத மலை என்று சொல்லிச் சொல்லியே கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரன் கூட, "இன்னா பெரியவரே, ஆட்டுமலைன்னு ஒண்ணு புச்சா வந்துகீதாமே?" என்று என்னிடமே கேட்டான். பக்கத்தில் இருந்த தூணில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

பலகை திறந்த நாளில் என்னையும் கூப்பிட்டார்கள். வேன் தேவைப்பட்டது அவர்களுக்கு. மேலே போய்ப் பார்த்தேன். சுனை ஓரத்தில் கேக் வெட்டி, வெட்டின கத்தியைச் சுனையிலேயே கழுவினார்கள். தண்ணீர்மேல் க்ரீம் எண்ணெய்ப் படலமாக மிதந்தது. தெர்மாகோல் தட்டுகள் காற்றில் பறந்து துளசிச் செடிகளில் மாட்டிக்கொண்டன. பிரியாணி எலும்பை மென்று, என் ஏணியின் அடியிலேயே துப்பி வைத்திருந்தார்கள். பாறைக்குப் பின்னால் ஒதுங்கப் போனவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தான். அவனுக்கு முன்னால் எத்தனையோ பேர் போய் வந்திருந்தார்கள். எந்த அசிங்கத்துக்குப் பயந்து ஊர் ஊராக மலை தேடினேனோ, அதையே ஒரே மாதிரி குழுத் தொப்பி போட்டுக்கொண்டு தூக்கி வந்திருக்கிறார்கள்.

பலகையைத் திறந்தார்கள். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இரண்டு தரம் படித்தேன். என் பெயர் இல்லை. ஆபீசரிடம் போனேன்.

"இன்னாபா இது? ஏணிய யார் வச்சது?"

"நம்ம டீம்தான் தலைவரே. நீங்களும் கூட இருந்தீங்களே!"

"கூட இருந்தேனா? நீ கேமராவ தூக்கிகினு வந்த. நான் ஏணிய தூக்கிகினு வந்தேன்."

அவன் என் முழங்கையைப் பிடித்துத் தனியாக இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினான். "புரிஞ்சிக்கோங்க தலைவரே. அது நம்ம கம்பெனி கன்வேயர். ஸ்கிராப் கான்ட்ராக்டர் பேரப் போட்டா, கம்பெனி சாமான் எப்படி மலை மேல போச்சுன்னு நாளைக்கு ஆடிட்ல கேள்வி வரும். கிளப் பேருன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அப்ப நான் திருடிகினு வந்தேன்றியா?"

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலயே."

"எடை போட்டு, துட்டு குட்த்து, கேட்ல காட்டி வெளிய எடுத்தாந்த இரும்புடா அது. யார்டுக்குள்ள வந்தப்பவே அது என் இரும்பு. கேளு இவன!" என்று தென்காசிக்காரனைக் காட்டினேன்.

அவனும் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆபீசர் சிரித்துவிட்டுப் போட்டோவுக்குப் போய்விட்டான்.

இறங்கி வந்து வேனில் ஏறும்போதுதான் தென்காசிக்காரன் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, கோவப்படாதிய. இந்த மாசம் பெர்மனென்ட்ல என் பேரு வருதுன்னு சொல்லுதாக. இப்பப் போயி அவரு மூஞ்சியில அடிச்ச மாரி எப்படிப் பேச? ஊர்ல அம்மா பொண்ணு பாத்து வச்சிருக்கா."

"அந்தத் தொப்பிய கழட்டிட்டு வண்டில ஏறு" என்றேன். கழற்றினான். வேறு என்ன சொல்ல? நிரந்தரமும் ஆனான், கல்யாணமும் ஆனது. பத்திரிகை வைக்க வந்தபோது என் வீட்டு வாசலில் தயங்கி நின்றான். போய்த் தாலி கட்டும்போது பூ போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆட்டுக்கார அம்மாவைப் பிறகு ஒரு தரம் சந்தையில் பார்த்தேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சுனைத் தண்ணிய ஆடு மோந்து பாத்துட்டு வந்துடுது. எல்லாம் நீ இட்டாந்த கும்பலுய்யா" என்றாள்.

"நான் இட்டாந்தவன் ஒருத்தனும் ஒரு பேப்பர் உட்டுட்டு வந்ததில்ல. சாக்கு வச்சிகினு நின்னது நீயே பாத்தியே!"

"அத்த ஆட்டுகிட்ட சொல்லு" என்றாள்.

அவளுக்காவது கோபப்பட நியாயம் இருக்கிறது. தடம் அவளுடைய ஆடுகளுடையது. அதை நான் கண்டுபிடித்தேன் என்று எந்தப் பலகையிலும் எழுதச் சொல்ல மாட்டேன். அந்தக் குழுக்காரர்கள்தான் அதற்கும் உரிமை கொண்டாடுகிறார்கள்.

எனக்குச் சேரவேண்டியதைத்தான் கேட்கிறேன். அந்தப் பலகையிலிருந்து ஏணி அமைத்தவர்கள் என்ற வரியை அழியுங்கள். அந்த இடத்தில், இந்த ஏணிக்கு இரும்பு கொடுத்தவர், தோளில் சுமந்து வந்தவர், டியூப் சுற்றி நிறுத்தியவர் இவர் என்று என் பெயரை, என் அப்பன் பெயரோடு, தூரத்திலிருந்து படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் போடுங்கள். காசு கொடுத்து வாங்கிய இரும்பு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். உங்கள் குழுவின் பெயரும் மலையில் இருந்தே ஆகவேண்டும் என்றால், சுனையில் மிதக்கிற தட்டுகளுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பலகை நட்டு அதில் எழுதிக்கொள்ளுங்கள். ஏணியில் என் பெயர்தான் இருக்கவேண்டும்.